கிளானா ஜெயா எல்ஆர்டி நின்னா, குலுங்குனா, கத்துனா: கோளாறு எங்கன்னு அறிகுறி வச்சே கண்டுபிடிக்கறது எப்படி

கோலாலம்பூர்ல (கேஎல்) ஓடற கிளானா ஜெயா எல்ஆர்டி லைன்ல ரயில் ரெண்டு நிமிஷம் நடுவுல நின்னா போதும், ஒடனே குரூப்புல "ரயில் ரோசாக்"னு, அதாவது ரயில் கெட்டுப்போச்சுன்னு, மெசேஜ் பறக்கும். பாதி நேரம் நீங்க இருக்கற ரயில்ல ஒரு கோளாறும் இருக்காது, முன்னாடி போற ரயில்ல யாரோ மூடப்போற கதவுல பைய விட்டிருப்பாங்க, பின்னாடி வர்றது எல்லாம் வரிசையா நிக்கும், அவ்வளவுதான். மீதி நேரம் நெசமாவே ஏதோ போயிருக்கும். அது ரயில்லயா தண்டவாளத்துலயா கரண்டுலயான்னு உக்காந்த எடத்துலேந்தே ஓரளவு சொல்லிடலாம். ரிப்பேர் பண்றது நம்ம வேல இல்ல, ஆனா எதுக்கு பயப்படணும், எதுக்கு சும்மா கம்பியப் புடிச்சிட்டு நின்னா போதும்னு தெரிஞ்சா நல்லதுதானே.

எல்லாத்துக்கும் மொதல்ல ஒரே ஒரு கேள்வி கேட்டுக்குங்க. இந்தச் சத்தமோ குலுக்கலோ எந்த ரயில்ல ஏறுனாலும் அதே எடத்துல வருதா, இல்ல இந்த ரயில்ல மட்டும் எல்லா எடத்துலயும் வருதா? எடம் மாறாம வந்தா கோளாறு தண்டவாளத்துல. ரயில் மாறாம வந்தா கோளாறு பெட்டிக்கு அடியில. டெப்போவுல இருக்கறவங்களுக்கும் இதுதான் மொத கேள்வி, இது தெரியாம "ரொம்ப சத்தமா இருக்கு"ன்னு மட்டும் கம்ப்ளெயின் பண்ணா அவங்க எங்கேந்து தேடுவாங்க சொல்லுங்க.

கொஞ்சம் அடிப்படை, இல்லன்னா கீழ சொல்றது புரியாது

இந்த லைன் 1998 செப்டம்பர் 1-ல தொறந்தது, அப்பலேந்தே டிரைவர் இல்லாமதான் ஓடுது. இப்ப கோம்பாக்லேந்து புத்ரா ஹைட்ஸ் வரைக்கும் 46 கிலோமீட்டர் சொச்சம், 37 ஸ்டேஷன். மொதல்ல வந்ததெல்லாம் ரெண்டு பெட்டி ரயிலு, 2009 கடைசியிலேந்து நாலு பெட்டி, 2016-க்கு அப்புறம் இன்னும் புதுசு. எல்லாமே பம்பார்டியர் கம்பெனி செஞ்ச ஒரே குடும்பந்தான், வெளியில வேற மாதிரி தெரிஞ்சாலும் அடியில தத்துவம் ஒண்ணுதான்.

அந்தத் தத்துவம் என்னன்னா, இதுல மோட்டார் சக்கரத்தச் சுத்தாது. ரெண்டு தண்டவாளத்துக்கும் நடுவுல பட்டையா ஒரு அலுமினியத் தகடு ஓடுது பாருங்க, பிளாட்ஃபார்ம் ஓரத்துலேந்து எட்டிப் பாக்காம கொஞ்சம் தள்ளி நின்னே பாக்கலாம், அதுதான் மோட்டாரோட பாதி. மீதி பாதி, காயில் சுத்துன நீளமான கட்டை, பெட்டிக்கு அடியில தொங்குது. ரெண்டுக்கும் நடுவுல சுமார் ஒரு சென்டிமீட்டர் இடைவெளி. இதத்தான் லீனியர் மோட்டார்னு சொல்வாங்க. காயில்ல காந்தப்புலம் ஓட ஓட அது தகட்டைத் தள்ளி, தகடு நகர முடியாததால ரயில் நகருது. சக்கரம் வெறுமன பாரம் தாங்கி உருளுது, அவ்வளவுதான். அதனாலதான் கேஎல் மழையில தண்டவாளம் சொதசொதன்னு இருந்தாலும் கெளம்பறப்ப சக்கரம் வழுக்கிச் சுத்தற பிரச்சன இங்க கெடையாது.

இன்னொண்ணு, ரயில் எங்க இருக்குன்னு தெரிஞ்சிக்கற விதம். 1998-ல போட்டது செல்டிராக்னு ஒரு சிஸ்டம். தண்டவாளத்துக்கு நடுவுல கேபிள் ஓடும், 25 மீட்டருக்கு ஒரு தடவ அது குறுக்க மாறிப் போகும். ரயில்ல இருக்கற கம்ப்யூட்டர் அந்தக் குறுக்கு எடத்த எண்ணிக்கிட்டே போகும், ரெண்டு குறுக்குக்கு நடுவுல சக்கரம் எத்தன சுத்து சுத்துச்சுன்னு பாத்து தூரத்தக் கணக்குப் போடும். ரெண்டு கணக்கும் ஒத்துப்போற வரைக்கும் எல்லாம் சுகம்.

லைட் எரியுது, ஏசி ஓடுது, ஆனா நடுவழியில நிக்குது

எப்படி நின்னுச்சுன்னு ஞாபகப்படுத்திப் பாருங்க. மெதுவா வேகம் கொறஞ்சு, நிக்கறதே தெரியாம நின்னுச்சுன்னா அது ரோசாக் இல்ல, முன்னாடி எடம் காலி இல்ல. காலையில பசார் செனி தாண்டி சுரங்கத்துக்குள்ள எறங்கற எடத்துலயும் கேஎல் சென்ட்ரலுக்கு முன்னாடியும் இது வரும். முன்னாடி ரயில் நகர்ந்ததும் இதுவும் நகரும், ஒண்ணும் செய்ய வேண்டாம்.

நல்லா போயிட்டிருந்தது திடீர்னு புடிச்சு நின்னு, அப்புறம் அசைவே இல்லன்னா வேற கதை. பெட்டி கம்ப்யூட்டருக்கும் கண்ட்ரோல் ரூமுக்கும் சில நொடி பேச்சு அறுந்திருக்கும், இல்லன்னா அந்த ரெண்டு கணக்கும் ஒத்துப்போகாம ரயிலுக்கே தன் எடம் மேல நம்பிக்க போயிருக்கும். எடம் தெரியாத ரயில் நகரக் கூடாதுங்கறதுதான் விதி, அதனால அதுவே எமர்ஜென்சி பிரேக் போட்டுக்கும். கண்ட்ரோல் ரூமும் அந்தப் பகுதி முழுசையும் மத்த ரயிலுக்கு மூடிடும். மொதல்ல தூரத்துலேந்தே ரீசெட் பண்ணிப் பாப்பாங்க. சரியாகலன்னா ஸ்டாஃப் வந்து, முன்பக்கக் கண்ணாடிக்குக் கீழ, கொழந்தைங்க எப்பவும் நின்னு வேடிக்க பாக்கற எடத்துல, பூட்டியிருக்கற மூடியத் தொறந்து கையால மெதுவா ஓட்டிட்டுப் போவாங்க. யூனிஃபார்ம் போட்டவர் வந்து அந்த மூடிய தொறக்கறதப் பாத்தீங்கன்னா சந்தேகமே வேண்டாம், ரயில் தன் எடத்தத் தொலைச்சிடுச்சு, ஆஃபீஸுக்கு லேட்டுன்னு மெசேஜ் போட்டுடுங்க.

இந்தக் கையால ஓட்டற கட்டந்தான் என்னப் பொறுத்தவரை எல்லாத்துலயும் ஆபத்தானது, ஏன்னா அந்த நேரத்துல கம்ப்யூட்டரோட காவல் இல்ல, ஆளோட கவனம் மட்டுந்தான். 2021 மே 24 ராத்திரி கம்போங் பாருவுக்கும் கேஎல்சிசிக்கும் நடுவுல சுரங்கத்துல, ஆள் ஓட்டிட்டு வந்த காலி ரயில், 213 பேர் இருந்த ரயிலோட மோதுனது எல்லாருக்கும் ஞாபகம் இருக்கும். விசாரணையில மனுஷக் கவனக்கொறைவுன்னுதான் சொன்னாங்க. அதனால ஸ்டாஃப் மெதுவா ஓட்டறாரு, பத்து தடவ வாக்கிடாக்கில கேட்டுக்கிட்டு ஓட்டறாருன்னா திட்டாதீங்க, அப்படித்தான் ஓட்டணும்.

ஒரு ரயில் மட்டும்னு இல்லாம எல்லா ரயிலும் ஒரே நேரத்துல இப்படி நின்னா கோளாறு ரயில்லயே இல்ல. 2022 நவம்பர்ல கிளானா ஜெயாலேந்து அம்பாங் பார்க் வரைக்கும் 16 ஸ்டேஷன நாள்கணக்குல மூடுனாங்களே, அது தானியங்கிக் கட்டுப்பாட்டுல வந்த கோளாறு. அந்த மாதிரி நாள்ல அடுத்த ரயிலுக்குக் காத்திருக்கறதுல அர்த்தமே இல்ல, எறங்கி பஸ்ஸ பாருங்க.

சடார்னு ஒரு புடி, நின்னவங்க எல்லாம் முன்னாடி சாயறாங்க

இது எமர்ஜென்சி பிரேக். சாதாரணமா ரயில் வேகத்தக் கொறைக்கறது அதே லீனியர் மோட்டார்தான், கடைசியில டிஸ்க் பிரேக் வந்து சேரும். எமர்ஜென்சின்னா அதுக்கு மேல காந்தக் கட்டை ஒண்ணு கீழ எறங்கி நேரா தண்டவாளத்தையே கவ்வும், அடியில "டக்"னு ஒரு சத்தம் கேட்டா அதுதான். கொஞ்ச நேரம் கருகல் வாட வரலாம், பிரேக் பேட் சூடானது, பயப்பட வேண்டாம்.

காரணம் பல. யாராவது கதவுக்குப் பக்கத்துல இருக்கற எமர்ஜென்சி கைப்பிடிய இழுத்திருக்கலாம், பிளாட்ஃபார்ம்ல யாரோ ஸ்டாப் பட்டன அமுக்கியிருக்கலாம், மேல சொன்ன மாதிரி பேச்சு அறுந்திருக்கலாம். பக்கத்துல யாருக்காவது அடிபட்டா இன்டர்காம்ல சொல்லுங்க. இல்லன்னா "ஏன் நின்னுச்சு"ன்னு கேக்கறதுக்காக அத அமுக்காதீங்க, நாலு பெட்டியிலேந்தும் ஒரே நேரத்துல அமுக்குனா நெசமாவே மயங்கி விழுந்தவரோட அழைப்பு நடுவுல மாட்டிக்கும்.

ஏசி சத்தம் செத்துப்போச்சு

ஒரு நொடி செத்து திரும்ப வந்துச்சுன்னா ஒண்ணுமில்ல. இந்த லைன்ல கரண்டு தலைக்கு மேல கம்பியில வராது, பக்கவாட்டுல ஓடற பவர் ரயில்லேந்து, அதாவது கரண்டு ஓடற தனித் தண்டவாளத்துலேந்து, 750 வோல்ட் டிசியா வருது, பெட்டிக்கு அடியில இருக்கற ஷூங்கற உலோகக் கட்டை அத ஒரசிக்கிட்டே எடுக்கும். தண்டவாளம் பிரியற எடத்துல பவர் ரயில் விட்டு விட்டு இருக்கும், அங்க கடக்கறப்ப அப்படி ஆகும். எடம் மாறாம வர்ற அறிகுறிக்கு நல்ல உதாரணம் இது.

ஏசி நின்னு, திரும்ப வரவே இல்ல, லைட்டும் கொஞ்சம் கொறைஞ்சு போச்சுன்னா அந்தப் பகுதிக்கே கரண்டு போயிருக்கு, லைட்டு பேட்டரியில ஓடுது. இங்கதான் நம்மாளுங்க பொறுமை போயிடும். பெட்டி ஃபுல்லா ஆளு, காத்து இல்ல, வேர்த்து ஊத்துது, யாராவது ஒருத்தர் "கதவத் தொறங்க"ம்பாரு. தயவுசெஞ்சு தொறக்காதீங்க. ஸ்டாஃப் வந்து எறக்கற வரைக்கும் உள்ளயே இருங்க.

காரணத்தச் சொல்லிடறேன், ஏன்னா "ஆபத்து"ன்னு சும்மா சொன்னா யாரும் கேக்கறதில்ல. நீங்க கால் வைக்கற எடத்துக்குப் பக்கத்துலயே அந்த 750 வோல்ட் பவர் ரயில் இருக்கு. உங்க பெட்டிக்கு கரண்டு இல்லன்னா பக்கத்து லைனுக்கும் இல்லன்னு அர்த்தம் இல்ல, எந்த நிமிஷம் திரும்ப வரும்னும் உங்களுக்குத் தெரியாது. தண்டவாளத்துல ஆள் நடக்கறாங்கன்னு தெரிஞ்சதும் கண்ட்ரோல் ரூம் என்ன பண்ணும்? ரெண்டு பக்கமும் பவர கட் பண்ணும். அப்ப அதுவரைக்கும் நல்லா ஏசியில நின்னுக்கிட்டிருந்த பின்னாடி ரயிலுக்கும் எதிர்ப்பக்க ரயிலுக்கும் ஏசி போகும், அங்க இருக்கறவங்களுக்கும் மூச்சு முட்டும், அவங்களும் கதவத் தொறப்பாங்க. அஞ்சு நிமிஷத்துல முடிஞ்சிருக்க வேண்டிய சமாச்சாரம் கடைசி ஆளு தண்டவாளத்த விட்டு ஏறுனாரான்னு நடந்து போய் பாத்து உறுதி பண்ற வரைக்கும் இழுக்கும்.

காத்து இல்லாம யாருக்காவது முடியலன்னா அவங்கள தரையில உக்கார வைங்க, கூட்டத்த விலகச் சொல்லுங்க, இன்டர்காம்ல "இந்தப் பெட்டியில ஒருத்தருக்கு முடியல"ன்னு பெட்டி நம்பரோட சொல்லுங்க. மொத்தமா கத்தறத விட இது சீக்கிரம் வேல செய்யும்.

கதவு மூடுது தொறக்குது மூடுது தொறக்குது

கதவு ஓரத்துல ஏதோ தடை இருக்குன்னு சென்சார் சொல்லுது. பெரும்பாலும் பை வார், கொடை நுனி, இல்லன்னா கீழ கதவு ஓடற பள்ளத்துல விழுந்த டோக்கன், சிப்ஸ் துண்டு மாதிரி சில்லறச் சாமான். கதவுகிட்ட நிக்கறவங்க ஒரு அடி உள்ள தள்ளுனா பாதி தடவ சரியாயிடும். ஒரு கதவு மூடலன்னாலும் ரயில் கெளம்பாது, அது பழுது இல்ல, அப்படித்தான் இருக்கணும். கையால இழுத்து மூட உதவி பண்றவங்க உண்டு, நல்ல மனசுதான், ஆனா அது கதவ இன்னும் கொழப்பும். ஸ்டாஃப் வந்து சாவி போட்டு அந்த ஒரு கதவ மட்டும் பூட்டி ரயில அனுப்பிடுவாரு.

அம்பாங் பார்க்லேந்து மஸ்ஜிட் ஜாமெக் வரைக்கும் அஞ்சு சுரங்க ஸ்டேஷன்லயும் பிளாட்ஃபார்ம்லயும் கண்ணாடிக் கதவு இருக்கு, ரெண்டும் நேருக்கு நேர் இருந்தாதான் தொறக்கும். ரயில் நின்னும் கதவு தொறக்கலன்னா, இல்ல நின்னுட்டு இன்னும் கொஞ்சம் ஊர்ந்து போய் அப்புறம் தொறந்துச்சுன்னா, ரயில் குறி தவறி நின்னிருக்கு. ஒரு தடவ நடந்தா விடுங்க. ஒரே ரயில் ஸ்டேஷனுக்கு ஸ்டேஷன் இப்படிப் பண்ணுச்சுன்னா கதவ சந்தேகப்படாதீங்க, சக்கரத்த சந்தேகப்படுங்க. ஏன்னு அடுத்ததுல வருது.

சத்தம்

இதுல எத்தனையோ வகை இருக்கு, ஒண்ணொண்ணா பாப்போம்.

கெளம்பறப்பயும் நிக்கறப்பயும் "ஊஊஊங்"னு சுதி ஏறி எறங்கறது மோட்டாரும் அதுக்குக் கரண்டு குடுக்கற இன்வெர்ட்டரும், நார்மல். வளைவுல "கீச்"னு காது கூசற மாதிரி வர்றது சக்கர விளிம்பு தண்டவாளத்துல தேய்றது. இந்த ரயிலுக்கு அச்சு வளைவுக்கு ஏத்த மாதிரி திரும்பற போகி (சக்கரங்களத் தாங்கற சட்டம்) இருக்கு, அதனால மத்த ரயில விட கம்மியாத்தான் கத்தும், சுத்தமா நிக்காது. நேர் பாதையில திடீர்னு "கடகடகட"ன்னு உறுமி, பேச்சு கேக்காத அளவுக்குப் போய், கொஞ்ச தூரத்துல அடங்கிடுச்சுன்னா தண்டவாளத்து மேல அலை அலையா மேடு பள்ளம் விழுந்திருக்கு. எந்த ரயில்ல போனாலும் அங்கயே வரும். அதுக்கு ராத்திரி ரயில் நின்னதுக்கப்புறம் கிரைண்டர் வண்டி விட்டுத் தேய்க்கணும், ரயில மாத்தி பிரயோஜனம் இல்ல.

இப்ப முக்கியமான சத்தம். "டக் டக் டக் டக்"னு தாளம் போட்ட மாதிரி, வேகம் கூடுனா தாளமும் வேகமா, கொறஞ்சா மெதுவா. ஒரு பெட்டியில மட்டும் பலமா கேக்கும், அடுத்த பெட்டிக்கு நடந்து போனா கொறையும். இது சக்கரத்துல தட்டை விழுந்தது. மோட்டார் சக்கரத்தத் தொடாததால ஓடறப்ப இது விழாது, பிரேக் புடிக்கறப்பதான் விழும். டிஸ்க் பிரேக் அழுத்திப் புடிச்சு, தண்டவாளம் ஈரமா இருந்து, சக்கரம் சுத்தாம வழுக்கிக்கிட்டே போச்சுன்னா தண்டவாளத்துல தேஞ்ச எடம் மட்டும் சப்பையாயிடும். அதனாலதான் நல்ல மழையில எமர்ஜென்சி பிரேக் போட்ட ரயில் மறுநாள் தாளம் போட்டுக்கிட்டு வரும்.

ஒடனே ஆபத்து இல்ல, ஆனா விட்டா பேரிங்கையும் தண்டவாளத்தையும் அடிச்சு நொறுக்கும். சுபாங் டெப்போவுக்குக் கொண்டு போய் லேத்துல சக்கரத்தக் கடைஞ்சு வட்டமாக்கணும். அங்கதான் இந்த ரயிலோட தனிக் கஷ்டம் ஆரம்பிக்குது. கடைஞ்சா சக்கரம் சின்னதாகும், சக்கரம் சின்னதானா பெட்டியோட அடிப்பாகமும் கீழ எறங்கும், அதோட மோட்டாரும் எறங்கும். இருக்கறதே ஒரு சென்டிமீட்டர் இடைவெளி, அதுல ஒரு மில்லிமீட்டர் ரெண்டு மில்லிமீட்டர் பெரிய விஷயம். மோட்டார திரும்ப அளந்து மேல தூக்கிக் கட்டலன்னா எங்கயாவது தகடு லேசா தூக்கியிருக்கற எடத்துல "கர்ர்ர்"னு தட்டும். ரொம்ப மேல தூக்கிட்டா தள்ளற சக்தி கொறஞ்சு ரயில் சோம்பேறித்தனமா கெளம்பும், கரண்டும் அதிகமா குடிக்கும்.

அதோட முடியல. ரயில் தூரத்தக் கணக்குப் போடறதே சக்கரம் சுத்தறத வச்சுத்தானே. சின்னதான சக்கரம் ஒரு சுத்துக்குக் கம்மி தூரம் போகும். புது அளவ கம்ப்யூட்டர்ல மாத்தலன்னா அது போகாத தூரத்தப் போனதா நெனச்சு குறிக்கு முன்னாடியே நின்னுடும், அப்புறம் ஊரும். வித்தியாசம் ரொம்ப ஆனா 25 மீட்டர் கணக்கோட ஒத்துப்போகாம நடுவழியில எடத்தத் தொலைக்கும். பாத்தீங்களா, ஒரு சக்கரம் தேஞ்சதுக்கு அடியில ஒரு சத்தம், கெளம்பறதுல ஒரு மந்தம், கதவுகிட்ட ஒரு ஊர்தல், கடைசியில நடுவழி எமர்ஜென்சி பிரேக்னு நாலு தனித்தனி பிரச்சன மாதிரி தெரியும். ஒரே ரயில்ல இதுல ரெண்டு மூணு சேர்ந்து வந்தா தனித்தனியா புகார் குடுக்காதீங்க, ஒண்ணா எழுதுங்க, பாக்கற டெக்னீஷியனுக்குப் பாதி வேல முடிஞ்சிடும்.

"கர்ர்ர்"னு அடியில ஏதோ இழுபடற சத்தம் எல்லா ரயில்லயும் ஒரே எடத்துலன்னா தகடு தூக்கியிருக்கு, இல்ல ஏதோ இரும்புத் துண்டு அங்க கெடக்கு. எல்லா எடத்துலயும் ஒரே ரயில்லன்னா மோட்டார் தாழ்ந்திருக்கு, இல்ல பிரேக் விடாம புடிச்சிருக்கு. பிரேக் விடாம புடிச்சிருந்தா கருகல் வாடையும் விடாம வந்துக்கிட்டே இருக்கும். இது மட்டும் காத்திருக்கக் கூடாது, அப்பவே சொல்லணும்.

வாட

பிரேக் வாட வந்து ஒரு ஸ்டேஷனுக்குள்ள போயிடும், சுடச்சுட இரும்பு மாதிரி. பிளாஸ்டிக் எரியற வாட, ஒயர் கருகற வாட, அதோட புகைன்னா இன்டர்காம அமுக்கி பெட்டி நம்பர சொல்லிட்டு பக்கத்துப் பெட்டிக்கு நகருங்க, உள்ளயே நடந்து போற மாதிரிதான் பெட்டிங்க இணைஞ்சிருக்கு. முடிஞ்ச வரைக்கும் அடுத்த ஸ்டேஷன் வரைக்கும் ரயில ஓட விட்டு அங்க எறக்கறதுதான் நல்லது, சுரங்கத்துக்குள்ள நிறுத்தறது கடைசி வழி. அதனால புகை பாத்த ஒடனே கைப்பிடிய இழுக்கணும்னு தோணுனாலும் மொதல்ல இன்டர்காம்.

தலையில தண்ணி சொட்டுது, இல்ல பெட்டி கொதிக்குது

ஏசி தண்ணி போற கொழாய் அடைச்சிருக்கு, மழ ஒழுகல் இல்ல. கொதிச்சா கூரை மேல இருக்கற ஏசி யூனிட் ட்ரிப் ஆகியிருக்கு. ரெண்டுக்கும் அடுத்த பெட்டிக்குப் போறதுதான் தீர்வு, எறங்குனதும் சொல்லிட்டுப் போங்க.

சொல்றப்ப என்ன சொல்லணும்

பெட்டி நம்பர், எந்த ரெண்டு ஸ்டேஷனுக்கு நடுவுல, என்ன நேரம், கோம்பாக் பக்கமா புத்ரா ஹைட்ஸ் பக்கமா. கதவுன்னா போற திசையில எடது பக்கமா வலது பக்கமா, எத்தனாவது கதவு. சத்தம்னா வேகத்தோட மாறுச்சா இல்லயா, ஃபோன்ல ஒரு நிமிஷம் ரெக்கார்ட் பண்ணா இன்னும் நல்லது, பக்கத்துல பேசறவங்க சத்தம் விழாம ஃபோன தரைக்குக் கிட்ட வச்சுப் புடிங்க. பெட்டி நம்பர் பாக்க மறந்துட்டீங்கன்னா ஏறுன ஸ்டேஷனும் நேரமும் போதும், எந்த ரயில் எப்ப எங்க இருந்துச்சுன்னு கண்ட்ரோல் ரூம் பதிவுலேந்து அவங்களே எடுத்துக்குவாங்க.